வெயிலில் நீட்டிய கைகள்

பெரியம்மாவை நினைத்தால் முதலில் வருவது அவருடைய கையுறைகள்தான். கனடாவில், ஸ்காபரோவின் ஆடி மாத வெக்கையிலும் அவற்றைக் கழற்றாமல் தேவாலயத்தின் கடைசி வாங்கில் இருப்பார். விரல்களில் வெள்ளைத் திட்டுகள் படர்ந்திருந்தன. தொற்றாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் பழைய ஏற்பாட்டில் தோல் வெளுத்தவர்களைப் பற்றி வாசித்துவிட்டு, தான் தீட்டானவள் என்று பெரியம்மா தானே முடிவு கட்டிவிட்டார். பூசையில் நற்கருணை அப்பம் வாங்கப் போவதையும் நிறுத்திவிட்டார். எல்லோரும் வரிசையில் நகர, அவர் மட்டும் தலைகுனிந்து இருப்பார்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் பங்குச் சுவாமி வாசலில் அவரை மறித்துக் காரணம் கேட்டார். பெரியம்மா முணுமுணுத்ததைக் கேட்டுச் சுவாமி சிரித்துவிட்டார்.

"உங்களை நீங்களே தீட்டெண்டு சொல்ல, நீங்கள் எப்ப குருவானவர் ஆனனீங்கள்? அது என்ரை வேலையெல்லோ! வெளியாலை வாங்கோ, வெளிச்சத்திலை பாப்பம்."

கார் தரிப்பிடத்து வெயிலில் கையுறைகள் கழன்றன. வீதியில் போன பஸ்ஸின் இரைச்சல்கூடக் கனவில் கேட்பதுபோல இருந்தது. அந்தக் காலத்து எபிரேயக் குருக்கள் தோல் வெளுத்தவர்களுக்கு மருந்து கொடுப்பதில்லையாம். பார்ப்பார்கள், சொல்வார்கள், அவ்வளவுதான். திட்டிலுள்ள மயிரும் வெளுத்து, அந்த இடம் தோலைவிடப் பள்ளமாகத் தெரிந்தால் தீட்டு. சந்தேகமென்றால் ஏழு நாள் ஒதுக்கிவைத்து மறுபடி பார்ப்பார்கள். உடம்பு முழுக்க வெளுத்துவிட்டாலோ, அவன் சுத்தமானவன்! எனக்கு அது இன்றுவரை பிடிபடாத சட்டம். சுவாமி இதையெல்லாம் கதைபோலச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார். அந்தக் கைகளை வேறு யாரும் தொட்டு நான் கண்டதில்லை.

"மயிர் கறுப்பு. பள்ளமும் இல்லை. சுத்தம்," என்றார்.

அடுத்த ஞாயிறு பெரியம்மா வெறுங்கையை நீட்டி நற்கருணை வாங்கினார். நான் அழுதுவிட்டேன்.

சுவாமி இப்போது உயிரோடு இல்லை. விட்பி நகரில் மகள் வீட்டில் இருக்கும் பெரியம்மாவுக்கு முகம், கழுத்து, கை எல்லாமே வெளுத்துவிட்டன. போன கிழமை அவரைப் பனியில் உலாவக் கூட்டிப்போக எண்ணிக் கம்பளிக் கையுறைகளை எடுத்து நீட்டினேன். அவர் வாங்காமல் யன்னலடிக்குப் போய், வெயிலில் இரண்டு கைகளையும் விரித்தார்.

"ஒரு இடமும் மிச்சமில்லை. பார்."

"நான் குருவானவர் இல்லையே, பெரியம்மா."

"அவர் போய்ச் சேர்ந்திட்டார். இனி ஆர் பாக்கிறது? நீ பாத்துச் சொல்லு."

ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தேன்.

"சுத்தம்," என்றேன்.

அதன் பிறகுதான் கையுறைகளைப் போட விட்டார்.