மூன்றாம் சரணத்தில் நின்ற பாட்டு

போன மாதம் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போயிருந்தேன். கம்பெனிகளுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் தங்குவதற்காகக் கட்டியது. மைத்துனர் மகளுக்கு அங்கே நிச்சயதார்த்த வரவேற்பு. செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவதா வேண்டாமா என்று யோசிக்க வைக்கும் தரை. சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றபோது கூரையில் பதித்திருந்த ஸ்பீக்கரிலிருந்து சாக்ஸபோன் கேட்டது. யாரோ ஒருவர் உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருக்கிறார், கீழே நாங்கள் வடைக்கு முண்டியடிக்கிறோம். ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. அது ஜாஸ் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, நானும் வடையைத்தான் எடுத்தேன்.

ஆனால் வாயில் வேறொரு ருசி வந்துவிட்டது. கிளாரினெட் வாசித்தவர்களுக்குத் தெரியும். வாய் வைக்கும் இடத்தில் ரீடு என்று மெல்லிசாக ஒரு நாணல் சீவல் கட்டியிருக்கும். வாசிக்கும் முன் அதை நாக்கில் வைத்து ஊற வைக்க வேண்டும். மழையில் நனைந்த வைக்கோலைக் கடித்த மாதிரி இருக்கும். முப்பது வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது, நாக்கு மறக்கவில்லை.

அந்த கிளாரினெட் எனக்குச் சொந்தமில்லை. ஒரகடம் போகும் வழியில் இருந்த எங்கள் கிராமத்துக் கோவிலுடையது. கோவில் என்றால் சின்ன ஓட்டுக் கட்டடம், மேலே ஒரு சிலுவை, ஞாயிற்றுக்கிழமை ஐம்பது அறுபது பேர். பெட்டி எப்போதோ தொலைந்து போயிருந்ததால் வாத்தியத்தை இரண்டாகக் கழற்றித் துணிப்பையில் வைத்திருப்பேன். கழற்றிய துண்டுகள் திரும்ப இறுக்கமில்லாமல் சேர, மூட்டில் இருக்கும் தக்கையில் பீடத்து மெழுகுவத்தியின் மிச்சத்தைத் தேய்ப்பேன். அதனால் என் பை எப்போதும் கோவில் வாசனை அடிக்கும்.

1991இல் அந்தப் பையோடுதான் தினமும் ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறி, பூந்தமல்லியில் மாறி, பட்டணத்துக் கல்லூரிக்குப் போவேன். மேற்கத்திய இசையில் பட்டப்படிப்பு. விண்ணப்பித்தவர்கள் குறைவு, அதனால் எனக்கும் இடம் கிடைத்தது. அப்பா உறவுக்காரர்களிடம் “இங்கிலீஷ் படிக்கிறான்” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். அந்த வருஷம் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் ஊர்ப் பக்கம் போலீஸ் கெடுபிடி அதிகம். ஒரு நாள் பஸ்ஸை நிறுத்தி என் பையைத் தடவிப் பார்த்தார் ஒரு போலீஸ்காரர்.

“இன்னாபா இது, குழாயா கீது?”

“வாத்தியம் சார்.”

“எங்க, வாசி.”

சாலையோரம் நின்று ஒரு ஞானப்பாட்டில் இரண்டு வரி வாசித்தேன். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். போகச் சொல்லிவிட்டார். என் முதல் பொது நிகழ்ச்சி என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.

கடைசி வருஷத்தில் ஜாஸ் இம்ப்ரொவைசேஷன் என்று ஒரு பாடம். எங்களுக்கு எடுத்தவர் ஒரு மேடம். முதல் சுற்றில் பாட்டை அப்படியே வாசி. இரண்டாவது சுற்றில் மெட்டை விட்டுவிடு. அதன் அடியில் ஓடும் ஸ்வரக் கூட்டுகளை மட்டும் பிடித்துக்கொண்டு அந்த நிமிஷம் என்ன தோன்றுகிறதோ அதை வாசி. கடைசியில் பாட்டுக்குத் திரும்பு. இவ்வளவுதான், ஆனால் இதற்கே மூச்சு முட்டும். எழுதியதை வாசித்தே வளர்ந்த எனக்கு, ஒன்றும் எழுதாத இடத்தில் என்ன செய்வது என்று தெரியவில்லை. “பாட்டு தொலைஞ்சிடுமோன்னு பயப்படாதே. கேக்கறவங்க மனசுக்குள்ள அது ஓடிக்கிட்டே இருக்கும்” என்பார் மேடம். அந்த வாக்கியத்தை நோட்டில் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.

பரீட்சைக்கு ஆளுக்கொரு பாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நான் எடுத்தது எங்கள் கோவிலில் அடக்கத்துக்குப் பாடும் பாட்டு. ஆறு சரணம். எளிய மெட்டு, தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிப்பேன்.

சாயங்காலங்களில் கோவிலுக்குப் பின்னால் சைக்கிள் விடும் கொட்டகையில் பழகுவேன். ஆபிரகாம் மாமா வந்து உட்கார்ந்துகொள்வார். என் நண்பன் ஜெயசீலனின் அப்பா. லாரி ஓட்டி ஓட்டிக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, கொஞ்ச நாளாக வீட்டோடு இருந்தார். நான் வாசித்து முடிக்கும்வரை காலை நீவிக்கொண்டே கேட்பார்.

“நல்லாத்தான் கீதுப்பா. பாட்டு எங்க போச்சு?”

“உள்ள ஓடிக்கினு கீது மாமா.”

“எனக்குக் கேக்கலியே.”

“கேட்டுப் பழகணும் மாமா.”

எவ்வளவு திமிர் பாருங்கள். அவர் சிரித்துவிட்டு பீடியைப் பற்ற வைத்துக்கொள்வார்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஐப்பசி மழையில், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த மாமா அப்புறம் எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலையில் ஜெயசீலன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். அழவில்லை.

“எங்கம்மா ஒண்ணே ஒண்ணு கேக்குதுடா. வூட்லேர்ந்து கல்லறை வரைக்கும் அந்தப் பாட்டைப் பாடிக்கினே வரணுமாம். அப்பாவுக்கு வேற இன்னா செய்யப் போறேன், அதையாவது முழுசா செய்யறேன்னுது. நீ வாசி.”

அவன் அம்மா எஸ்தர் அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் கோவிலில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஊர்வலத்தில் யார் கையிலும் புத்தகம் இருக்காது. சவப்பெட்டிக்கு முன்னால் கிளாரினெட் போகும். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் கடைசி வரியைத் தனியாக ஒரு தடவை வாசித்தால், அதைக் கேட்டுத்தான் அடுத்த சரணத்தை எடுப்பார்கள். மெட்டு கையைப் பிடித்தால்தான் அவர்களுக்கு வார்த்தை வரும். பத்து வயதிலிருந்து அந்த ஊர்வலங்களில் நடந்தவன் நான். இது எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது.

தூறலில் கிளம்பினோம். ஏரிக்கரை வழியாக ஒற்றையடிப் பாதை, கால் புதையும் சேறு. முதல் சரணம் நன்றாக எழுந்தது. இரண்டாவதில் எஸ்தர் அத்தையின் குரல் எல்லோருக்கும் மேலே தனியாகத் தெரிந்தது. கரகரத்த குரல்தான், ஆனால் வார்த்தை வார்த்தையாக, யாருக்கோ கேட்க வேண்டும் என்பது போலப் பாடினார்.

மூன்றாவதில் நான் மெட்டை விட்டேன்.

ஏன் என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு மாதமாகப் பழகிய விரல்கள் தாமாகப் போய்விட்டன என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டேன். அது பொய். மாமாவுக்கு அது கேட்க வேண்டும் என்று நினைத்தேன். என்னிடம் இருந்ததில் அதுதான் உயர்ந்தது, அதைக் கொடுக்கிறேன் என்று நினைத்தேன். வகுப்பில் ஒருநாளும் வராத வரிகள் அன்றைக்கு வந்தன. பின்னால் குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. வகுப்பில் ஒருவன் நன்றாக வாசித்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்துவோம். அதனால், எல்லோரும் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். சவப்பெட்டிக்கு முன்னால் நடந்தபடி, ஒரு நிமிஷம், நான் சந்தோஷமாக இருந்தேன். அதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

ஒரே ஒரு குரல் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. பாதி வரி பாடி நின்றது. அதே வார்த்தையை மறுபடி எடுத்துப் பார்த்தது. இன்னொரு தடவை. திரும்பினேன். எஸ்தர் அத்தை வாயைத் திறந்தபடி, எங்கே இருக்கிறோம் என்று கேட்பது போல என் கையில் இருந்த கிளாரினெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மனதுக்குள் பாட்டை ஓட விட்டுக்கொண்டு கேட்பவர்கள் அங்கே யாரும் இல்லை. எல்லோரும் பாட வந்தவர்கள்.

அவசரமாக மெட்டுக்குத் திரும்பி நாலாவது சரணத்துக்கு வரி எடுத்துக் கொடுத்தேன். யாரும் எடுக்கவில்லை. இன்னொரு தடவை வாசித்தேன். போதகர் கையை உயர்த்தி, உரக்க ஜெபிக்கத் தொடங்கிவிட்டார். கல்லறை வரை ஜெபத்திலேயே போனோம். நான் வாத்தியத்தைச் சட்டைக்குள் வைத்து மூடிக்கொண்டு நடந்தேன், மழைக்காக என்று.

“பரவால்ல உடுடா” என்றான் ஜெயசீலன் மறுநாள். “அந்த மழைல யாருக்கு இன்னா கேட்டுது.”

பரீட்சையில் அதே பாட்டு, அதே வரிகள். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அத்தையைப் பார்க்கப் போனேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போனேன். கருப்பட்டி போட்டு டீ கொடுத்தார். “பரீட்ச நல்லா எழுதினியாப்பா?” என்று கேட்டார். நன்றாக எழுதினேன் அத்தை என்றேன். சந்தோஷம் என்றார், முகத்தில் ஒரு மறைவும் இல்லாமல். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தது.

அதன் பிறகு கோவிலில் பாட்டு எடுக்கும்போதெல்லாம் எல்லோரோடும் எழுந்து நிற்பார், வாய் மூடியிருக்கும். துக்கம், போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வங்கி வேலை கிடைத்து வடக்கே போனேன். ஜாஸ் படித்தவன் கவுன்ட்டரில் உட்கார்ந்து கையெழுத்து சரிபார்த்தேன். விடுமுறைக்கு வந்தால் தூரத்திலிருந்து கும்பிடுவேன், அவரும் சிரிப்பார். அடுத்த தடவை, அடுத்த தடவை என்று போய்க்கொண்டிருந்தது.

அத்தை இறந்த தகவல் கிடைத்து நான் வந்து சேர்வதற்குள் பத்து நாள் ஆகிவிட்டது. ஜெயசீலன் அப்போது கம்பெனி ஆட்களை ஷிஃப்டுக்கு ஏற்றிப் போகும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த வேனிலேயே என்னைக் கல்லறைக்குக் கூட்டிப்போனான். ஏரிக்கரைப் பாதை ஒரு கம்பெனி மதிலுக்குள் போய்விட்டது. நாலு வழிச் சாலையில் சுற்றித்தான் போக வேண்டும், தூக்கிக்கொண்டு நடக்க முடியாது, எல்லாம் வண்டிதான் என்றான்.

புது மண் மேட்டின் முன்னால் நின்றோம். ஏதாவது கேட்க வேண்டுமே என்று, “அடக்கத்துக்கு யார்டா பாட்டு எடுத்தாங்க?” என்று கேட்டேன்.

“பாட்டு இல்லடா. வேணாம்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்துச்சு.”

“ஏன்?”

அவன் என்னைப் பார்க்காமல் மாலையிலிருந்து உதிர்ந்த பூக்களை மேட்டின் மேல் எடுத்து வைத்தான்.

“பாதியில நிக்கிறதுக்கு எதுக்குன்னுச்சு.”

அந்தக் கொட்டகை இல்லை. அந்தப் பாதை இல்லை. அந்த ஏரியில் பாதி இல்லை. இதெல்லாம் என்னைக் கேட்டுப் போனவை அல்ல, அதனால் அவ்வளவாக வலிப்பதில்லை. ஆனால் ஒரு வார்த்தை சொல்வதற்கு எனக்கு இருபது வருஷம் இருந்தது, அவர் வீட்டுக் கதவும் சாத்தியிருந்ததில்லை. அந்த இருபது வருஷத்தைத் தொலைத்தது நான்.