அண்ணன் கழற்றிய இடது ஃபுட்ரெஸ்ட்

எங்கள் அண்ணன் காலமாகி இந்த மாதத்தோடு ஒரு வருடம் நிறைகிறது. நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று அண்ணி கேட்டபோது முதலில் மறுத்தேன். அண்ணனைப் புகழ்ந்து எழுத அலுவலக நண்பர்கள் இருக்கிறார்கள், அத்தான்மார் இருக்கிறார்கள். என்னை எழுதச் சொன்னால் வேறு மாதிரி வரும் என்றேன். "வரட்டும் தம்பி. மத்தவங்க எழுதினதெல்லாம் ஒரே மாதிரி இருக்கு. யாரைப் பத்தி எழுதியிருக்காங்கன்னே தெரியலை. நீங்க மனசுல இருக்கறதை எழுதுங்க" என்றார் அண்ணி. ஆகவே எழுதுகிறேன். வாசித்துவிட்டு யாரும் போன் போட்டு எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம்.

அண்ணன் பிறந்தது தென்காசிக்குப் பக்கத்தில், அம்மாவின் ஊரில். கைக்குழந்தையாக இருந்தபோதே டெல்லிக்கு வந்துவிட்டார். அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. லக்ஷ்மிபாய் நகரில் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ், முதல் மாடி. நான் அண்ணனுக்கு எட்டு வயது இளையவன். அண்ணன் எம்.ஏ. முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா மாரடைப்பில் போய்விட்டார். கருணை அடிப்படையில் அப்பாவின் அலுவலகத்திலேயே அண்ணனுக்கு வேலை கிடைத்தது. எம்.ஏ. அன்றோடு நின்றது. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை. ஊரிலிருந்து யார் வந்தாலும் ஸ்டேஷனுக்குப் போய் நின்று, பெட்டியைத் தன் தலையில் வைத்துக் கூட்டி வந்து, ஆக்ராவுக்குக் கூட்டிப் போய்த் தாஜ்மஹால் காட்டி, திரும்ப ரயிலேற்றிவிட்டு வருவார். இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கணக்கில் வருவீர்கள். இதெல்லாம் உண்மை. இதை நான் மறுக்க வரவில்லை.

எனக்கு மூன்று வயதில் போலியோ வந்தது. இடது கால் மெலிந்துபோய், முட்டியில் கையை ஊன்றித்தான் நடப்பேன். அந்தக் காலத்து டெல்லி பஸ்கள் நிறுத்தத்தில் நிற்காது. கொஞ்சம் வேகம் குறைக்கும், ஓடிப்போய்த் தொற்ற வேண்டும். எனக்கு அது நடக்கிற காரியமா? கல்லூரியில் இடம் கிடைத்தபோது அம்மா அழுதார், சந்தோஷத்தில் இல்லை, எப்படிப் போவான் என்று. அண்ணன் அலுவலகத்து அதிகாரி ஒருவரின் பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்தார். பெட்ரோல் டாங்கில் ஒரு நசுங்கல், சீட்டில் இரண்டு ஒட்டு. காலையில் என்னைக் கல்லூரியில் இறக்கிவிட்டு அலுவலகம் போவார். சாயங்காலம் வந்து கூட்டிப் போவார்.

ஆனால் என் இடது கால் பின்பக்க ஃபுட்ரெஸ்டில் நிற்காது. பள்ளத்தில் வண்டி ஏறி இறங்கினால் நழுவிக் கீழே தொங்கும், தரையில் உரசும். ஒரு வாரத்தில் இரண்டு செருப்பு போனது. நான் அண்ணன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காலையே பார்த்துக்கொண்டு போவேன்.

ஒரு சனிக்கிழமை அண்ணன் என்னைக் கரோல்பாக்கில் ஒரு வெல்டிங் கடைக்குக் கூட்டிப் போனார். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி என்னைப் பின்னால் உட்கார வைத்தார். "ஏலே, அசையாம உக்காரு" என்று சொல்லி, என் முட்டியிலிருந்து பாதம் வரைக்கும் ஒரு நூலை வைத்து அளந்து, அந்த நூலை மிஸ்திரி கையில் கொடுத்தார். பழைய ஃபுட்ரெஸ்டின் போல்ட் துருப்பிடித்துப் போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப் போட்டார்கள். அண்ணன் பொறுமையில்லாமல் சுத்தியலை எடுக்க, "பையா, ஜல்தி மத் கரோ", அவசரப்படாதே என்று மிஸ்திரி அதை வாங்கி வைத்துக்கொண்டார். மதியம் தாண்டித்தான் அது வெளியே வந்தது. அதன் இடத்தில் நான்கு விரற்கடை தாழ்வாக ஒரு புதிய ஃபுட்ரெஸ்ட் ஏறியது. பாதம் முழுவதும் பதிகிற தகடு, குதிகாலுக்குப் பின்னால் ஒரு விளிம்பு, மேலே ஒரு தோல் வார். அதன்மேல் ஒட்ட ரப்பரை அண்ணனே வெட்டினார்.

அன்றைக்கு நேரே வீட்டுக்குப் போகவில்லை. இந்தியா கேட்டை இரண்டு சுற்றுச் சுற்றினோம். என் கால் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. நான் அண்ணன் சட்டையை விட்டுவிட்டு இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டு எல்லோரையும் போல வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாள் பிறகும் வரவில்லை, என் கல்யாண நாளையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன். வீட்டு வாசலில் இறங்கும்போது அண்ணன் சொன்னார்: "இது ஒனக்குத்தாம்ல. வேற ஒருத்தரும் இதுல காலு வைக்க மாட்டாவ."

நான் கேட்டு வாங்கிய வாக்கு இல்லை. அவராகச் சொன்னது. அதனால்தான் மூன்று வருடம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அண்ணி ஜனக்புரி. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர், ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை. நான் அப்போது பட்டம் முடித்து வங்கித் தேர்வுக்கான வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு என்னால் முடிந்ததைச் செய்தேன். பந்தியில் உட்கார்ந்தபடியே இலை எண்ணிக் கொடுத்தேன்.

கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் காலையில், வகுப்புக்குக் கிளம்பிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் கீழே இறங்கி வந்தேன். வண்டியின் இடது பக்கம் பளபளவென்று இருந்தது. புடவை சக்கரத்தில் சிக்காமல் இருக்க ஒரு கம்பி வலை, அதன் கீழே பெண்கள் ஒருபக்கமாக உட்கார்ந்து இரண்டு காலையும் வைத்துக்கொள்ள நீளமான ஒரு தகடு. கடைகளில் லேடீஸ் ஃபுட்ரெஸ்ட் என்று விற்பார்களே, அதுதான். என்னுடையது இல்லை. அந்த வண்டியில் அந்தப் பக்கம் ஒரே துளை, ஒரே போல்ட். அது இருந்தால் இது இருக்க முடியாது.

அண்ணன் துணியால் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே, "ஒனக்கு பஸ் பாஸ் எடுத்து வச்சிருக்கேன். மேஜ மேல இருக்கு. இனிமே பஸ்ல போயிக்கோ" என்றார்.

"முந்தியே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா சண்ட புடிப்ப. எனக்கு நேரமில்ல."

அதற்குள் அண்ணி பட்டுப் புடவையில் இறங்கி வந்து, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்தார். வண்டி போனது. நான் மறுபடி மாடி ஏறினேன். அன்று வகுப்புக்குப் போகவில்லை. அம்மா என்னவென்று கேட்டார், வயிற்றுவலி என்றேன்.

பஸ் ஏறக் கற்றுக்கொண்டேன். மூன்று முறை விழுந்தேன், ஒரு முறை முன்பல் உடைந்தது. அண்ணன் அப்படிச் செய்ததனால்தான் நான் சொந்தக் காலில் நின்றேன் என்று உறவினர்கள் பல பேர் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறீர்கள். விழுந்தது நான், பெயர் அவருக்கா? அடுத்த மாதமே முனிர்காவில் ஒரு நண்பனோடு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். படிக்க வசதி என்று அம்மாவிடம் சொன்னேன். வங்கி வேலை கிடைத்தது. தீபாவளிக்கும் அப்பாவின் திதிக்கும் மட்டும் வீட்டுக்கு வருவேன். வந்தாலும் அந்த வண்டி நிற்கிற பக்கம் திரும்ப மாட்டேன். பிறகு அதை விற்றுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

இதைவிடப் பெரிய அடி பின்னால்தான் விழுந்தது. வேலை நிரந்தரமான செய்தியைச் சொல்லப் போயிருந்தேன். அண்ணி பாயசம் ஊற்றிக்கொண்டே, "நீங்க எவ்ளோ நல்ல மனசு தம்பி. நான் சௌகரியமா உக்காரணும்னு உங்க ஃபுட்ரெஸ்டை நீங்களே கழட்டச் சொன்னீங்களாமே. அவர் சொன்னார்" என்றார். அண்ணன் எதிரே உட்கார்ந்திருந்தார். தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆமாம் என்று சொல்லிப் பாயசத்தைக் குடித்தேன். என்னிடமிருந்து எடுத்தது போதாதென்று, நானே கொடுத்ததாகவும் ஆக்கிவிட்டார். பறிகொடுத்தவனையே தர்மப்பிரபு ஆக்கியது போல.

அண்ணனின் கடைசி ஒன்றரை வருடம் டயாலிசிஸில் போனது. வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரி. செவ்வாய்க்கிழமை நான் அவர் கூட இருப்பேன், வங்கியில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு. இயந்திரம் ஓடுகிற நான்கு மணி நேரமும் அண்ணன் பழைய கதை பேசுவார். ஒரு செவ்வாய் மதியம், என்னையறியாமல் கேட்டுவிட்டேன், அந்த ஃபுட்ரெஸ்டை ஏன் கழற்றினீர்கள் என்று.

"நீ தனியாப் போய்ப் பழகணும்னுதாம்ல" என்றார்.

"அப்படின்னா அண்ணிட்ட நான் சொன்னதா ஏன் சொன்னிய?"

இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "புதுசா வந்தவ முன்னால நல்லவனா இருக்கணும்னு தோணிச்சு. அம்புட்டுதான்."

என் அண்ணன் என்னிடம் பூசி மெழுகாமல் பேசியது அந்த ஒரு தடவைதான். மனசு கொஞ்சம் இளகியது. அதை எங்காவது வைத்திருப்பார், பரணில் இருக்கும், பழைய டிரங்குப் பெட்டியில் இருக்கும் என்று ஒரு நப்பாசை. "அது இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"பழைய இரும்பு வாங்குற கபாடிக்காரன்ட்டப் போட்டுட்டேன்."

"எப்ப?"

"அன்னிக்கே."

அதற்குப் பிறகு ஏழு செவ்வாய்க்கிழமைகள் போனேன். கிரிக்கெட்டும் அரசியலும் பேசினோம். எட்டாவது வாரம் அண்ணன் இல்லை. கொள்ளி வைத்தது நான்தான். அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் அன்றும் என் கோபம் கோபமாகத்தான் இருந்தது. இரண்டும் சேர்ந்து இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அண்ணனுக்காக அலைந்த எல்லோருக்கும் குடும்பத்தின் சார்பில் கைகூப்புகிறேன். இரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற அலுவலக நண்பர்கள், ஆஸ்பத்திரிக்குத் தன் காரை விட்டுக் கொடுத்த கீழ்வீட்டுப் பஞ்சாபிக் குடும்பம், பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஊசி போட்ட நர்சம்மா, ஊரிலிருந்து இரண்டு இரவு ரயிலில் வந்து சேர்ந்த சித்தப்பா, எல்லோருக்கும். அண்ணன் மகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அவள் அம்மா வாசித்துச் சொல்லட்டும், ஒரு வரியும் விடாமல்.

இதுவரைக்கும் எழுதி முடித்து, போன ஞாயிற்றுக்கிழமை அண்ணியிடம் கொடுத்தேன். வேண்டாததை அடித்துவிடுங்கள் என்றேன். பேனாவை எடுக்கவே இல்லை. முழுவதும் வாசித்து முடித்தார். பிறகு சொன்னார்:

"நான் காலேஜ் படிக்கறப்பவே சல்வார் போட்டுட்டு எங்க அண்ணா வண்டியில பின்னாடி ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காந்து போனவ தம்பி. புடவை கட்டிக்கிட்டு சைடா உக்காந்தது அந்தக் கல்யாணம் ஆன முதல் மாசம் மட்டும்தான். அதுவே எனக்குப் பயமா இருக்கும், கீழே விழுந்துடுவேனோன்னு. அவர் ஆசையா அந்தத் தகட்டை மாட்டியிருக்காரேன்னு சொல்லலை. எனக்கு அது வேண்டவே வேண்டாம். என்னை அவர் கேக்கவே இல்லை."

காகிதங்களை அடுக்கி என் கையில் கொடுத்தார்.

"இதையும் சேத்து எழுதிடுங்க" என்றார்.