தோளில் ஒரு நட்சத்திரம்

தூத்துக்குடி ரயில் நிலையத்தில் சென்னை வண்டிக்காகக் காத்திருக்கிறேன். பக்கத்தில் அமர்ந்திருக்கும் அம்மாள் இவ்வூரில் துணிக்கடை நடத்துபவர். மடியில் மக்ரூன் பெட்டி. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் சிறிய வெள்ளி நட்சத்திரம் ஒன்றில் ஊக்கைக் கோத்துக்கொண்டிருக்கிறார். வலக்கை நடுங்குகிறது.

“ஹார்பர்ல கப்பல வேடிக்கை பாத்துக்கிட்டு நின்ன பய,” என்று மகனைப் பற்றிச் சொல்கிறார். அமெரிக்கப் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்த அவர், போர்முனைகளைக் கண்டு, படிப்படியாக உயர்ந்து, அடுத்த வாரம் ஜெனரல் ஆகிறார். அன்று அவர் தோளில் பதவிச் சின்னமான நட்சத்திரத்தைக் குடும்பத்தார் குத்திவிடுவது அங்கே வழக்கமாம்; அதற்குத்தான் இவர் கிளம்பியிருக்கிறார்.

“கை நடுங்கினா மருமவ குத்தட்டும்னு போன்ல சொல்லுதான். ஒண்ணாங்கிளாஸ்ல அவன் சட்டைல கைக்குட்டைய குத்திவிட்டது ஆரு, அவளா?” என்றவர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். “ஏளா, கொஞ்சம் எந்திச்சு நில்லேன். அவன் ஒசரம் வராது, பரவால்ல.”

நிற்கிறேன். முதல் முறை ஊக்கு என் தோளைப் பதம் பார்க்கிறது.

“வலிக்கா?”

“இல்லைம்மா. இன்னொரு தடவை குத்துங்க.”

“அவனும் இப்டித்தான், வலிச்சா சொல்ல மாட்டான்.”

இம்முறை மணிக்கட்டை என் தோள்மேலேயே ஊன்றிக்கொண்டு, மூச்சை அடக்கி, மெல்லக் குத்துகிறார். நட்சத்திரம் நேராக நிற்கிறது.

சற்று விலகி நின்று அதைப் பார்க்கிறார். பிறகு வலக்கையை விரித்து அதையும் பார்க்கிறார்.

“போதும்ளா, கழத்து. மருமவ பக்கத்துல நின்னு கைதட்டட்டும்.”