ரோபோ கதை கேட்ட பெண்

நெய்யாற்றின்கரையில் ராட்சத ரோபோக்கள் மோதிக்கொள்ளும் படத்துக்கு விமர்சனம் எழுதப் போயிருந்தேன். பக்கத்து இருக்கையில் லேசாக நரைத்த ஒரு பெண். ரோபோக்கள் விழும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டார்; கண்ணை மட்டும் திரையிலிருந்து எடுக்கவில்லை.

வெளியே வந்ததும் அவரே கேட்டார். "அண்ணா, கதை மனசிலாச்சா? எனக்குச் சொல்லித் தரணும். எனக்க வீட்டுக்காரரு துபாயில இன்னைக்கு இதே படம் பாக்காரு. ரோபோண்ணா அவருக்கு உயிராக்கும். போன்ல 'சாப்பிட்டியா'ண்ணு கேட்டா, பின்ன எங்களுக்குப் பேச ஒண்ணும் இல்ல."

எனக்குப் படம் பிடிக்கவில்லை. ஆனாலும் பஸ் ஸ்டாண்டில் நின்று முழுக்கதையும் சொன்னேன். அவர் போக வேண்டிய பாறசாலை பஸ் வந்தும் ஏறவில்லை.

"அந்தச் சின்ன ரோபோ செத்துப்போச்சா, உயிரோட உண்டுமா?"

"உண்டு."

விமர்சனத்தில் படத்தைத் திட்டித்தான் எழுதினேன். அன்றிரவு அவர்கள் இருவரும் நெடுநேரம் பேசியிருக்க வேண்டும் என்றுதான் இன்னும் ஆசைப்படுகிறேன்.