ஹமாதி மச்சானின் ஓய்வு ஒத்திகை

என் அக்கா ஸக்கியாவின் கணவர் ஹமாதி மாலிஜ், எங்கள் ஊரான ஸ்ஃபாக்ஸின் துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் கிரேன் ஓட்டியவர். காலையில் ஏணி ஏறினால் மாலையில்தான் இறங்குவார். மேலே தனிக்கூண்டு. பேச ஆளில்லை, எதிர்த்துப் பேசவும் ஆளில்லை. அதனால் தான் நினைப்பதெல்லாம் சரி என்ற எண்ணம் அவருக்கு எலும்புவரை ஊறிப்போயிருந்தது. தங்கமான மனிதர்தான், ஆனால் வீட்டுக்கென்று ஒரு முட்டை வாங்கி வந்தவரில்லை. இதை நான் அடித்துச் சொல்வேன், ஏனென்றால் அவர்கள் நாலாவது மாடியில் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே மளிகைக் கடை வைத்திருப்பவன் நான்.

அவருக்கு அறுபது நிறைந்த வருடம், துறைமுகத்தில் ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்தார்கள். இப்போதே ஓய்வு பெறலாம், விருப்பமிருந்தால் இன்னும் மூன்று வருடம் தொடரலாம். எதுவானாலும் பெருநாள் கழிந்து வேலை தொடங்கும் அன்று கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். மச்சானுக்குப் போய்விடத்தான் ஆசை. அவருடைய வலது முழங்காலுக்கும் அந்த ஏணிக்கும் ஆகாமல் போய் இரண்டு வருடமாகியிருந்தது. ஆனால் சம்பளம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் தினார், ஓய்வூதியமோ ஆயிரத்து முந்நூறு. அந்த அறுநூறு இல்லாமல் இரண்டு பேர் காலம் தள்ள முடியுமா என்பதுதான் கேள்வி.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் பெண்டாட்டியைக் கேட்டிருப்பான். ஸ்ஃபாக்ஸ்காரன் யாரையும் கேட்கமாட்டான், தானே சோதித்துப் பார்ப்பான். மச்சான் சேர்த்து வைத்திருந்த விடுப்பு முப்பது நாளையும் மொத்தமாக எடுத்தார். ஒரு மாதம் ஓய்வு பெற்றவனாகவே வாழ்வது, ஆயிரத்து முந்நூறுக்கு மேல் ஒரு மில்லிம் காசுகூடத் தொடுவதில்லை. போதுமென்றால் விடுதலை. போதாவிட்டால் மறுபடி ஏணி, மூன்று வருடம்.

அதுவரை எல்லாம் சரி. அதற்கு அவர் தேர்ந்தெடுத்த மாதம் ரமலான்.

கடைப்பலகையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு எனக்கு அவர் விளக்கினார். "பகல்ல சாப்பாடு இல்ல, காப்பி இல்ல, சிகரெட் இல்ல. பாதிச் செலவு அங்கயே போச்சு. மிச்சம் புடிச்சுக் காட்டுறேன் பாரு."

நான் வாயைத் திறந்தேன். ரமலானில் பகலில் மிச்சமாவதைப்போல் மூன்று மடங்கை மாலை பிடுங்கிக்கொள்ளும் என்று இந்த ஊரில் பல் முளைத்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் மளிகைக்காரனுக்கு ரமலான் என்பது அறுவடை. வீடு தேடி வரும் அறுவடையை எவன் விரட்டுவான்? போதாததற்கு, மச்சான் ஒரு தடவையாவது மூக்குடைபடுவதைப் பார்க்க எனக்கு இருபது வருட ஆசை. திறந்த வாயை மூடிக்கொண்டேன். துறைமுகத்து ஆட்களும் மூடிக்கொண்டார்கள், முடிதிருத்துபவர்கூட மூடிக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. இதில் எனக்கு விளங்காதது ஸக்கியா அக்கா மூடிக்கொண்டதுதான். ஒத்திகை பார்ப்பதென்றால் முழுசாகப் பார்க்க வேண்டும், கடைக்கும் நீங்களே போங்கள் என்று சொல்லி, பணப்பையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

முதல் நாள் மாலை நாலு மணிக்கு, காலையிலிருந்து சிகரெட் இல்லாத மனிதர், வெறும் வயிற்றோடு சந்தைக்குப் போனார். போனவர் கைநீள மீன் ஒன்று, மூன்று வகை ஆலிவ் காய், ஆட்டிறைச்சி, எதற்கென்று அவருக்கே தெரியாத ஒரு கட்டு முள்ளங்கி, நாலு பெரிய ரொட்டி, இவ்வளவோடும் திரும்பினார். வழியில் இரண்டு பேருடன் சண்டையும் போட்டிருந்தார். என் கடையில், முட்டையை உள்ளே வைத்து மடித்துப் பொரிக்கும் பிரிக்குக்கு மாவுத்தாளும் ஒரு டஜன் முட்டையும் வாங்கினார். சூரியன் மறைந்து பீரங்கி வெடித்து நோன்பு திறந்ததும் ஒரு கிண்ணம் கஞ்சி, ஒரு பிரிக், அவ்வளவுதான் இறங்கியதாம். மிச்சத்தைப் பூனைகள் அறியும். மறுநாள் மாலை நாலு மணிக்குப் பசி மறுபடி புதிதாக வந்தது, அவரும் மறுபடி சந்தைக்குப் போனார்.

நாலாம் நாள் கடைக்கு வந்தவர் நான் கொடுத்த கணக்குச் சீட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எழுத்து தெரியவில்லை போலிருக்கிறது, கண்ணாடி மாற்றவேண்டிய வயது என்று நினைத்தேன்.

நோன்பு திறந்தபின் காப்பிக் கடையில் சீட்டாட்டம் வேறு. தோற்றவர் மேசைக்கே பாதாம் மிதக்கும் தேநீர் வாங்கித் தரவேண்டும். விடிவதற்குமுன் எழுந்தே பழகிய மனிதர் நள்ளிரவில் என்னத்தை ஜெயிப்பார்? பேரப்பிள்ளைகளுக்குப் பெருநாள் சட்டை எடுத்தாயிற்று. அவர்களுடைய கடைக்குட்டி மகனுக்கு நிச்சயமாகியிருந்தது. நோன்பின் புனிதமான இருபத்தேழாம் இரவு மருமகளாகப் போகிறவள் வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியுமா? அதற்கென்று முன்கூட்டியே வாங்கிய ஒரு மெல்லிய வளையலோடு பதினெட்டாம் நாளே பணப்பை சுத்தமாகிவிட்டது.

அன்று நோன்பு திறக்க நானும் மேலே போயிருந்தேன். நாளைக்குக் காற்று அடிக்கும் என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார், மூன்று வருடம் தொடரப்போவதாக. சொல்லிவிட்டு மேசைக்கடியில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். நான் கையிலிருந்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். மூக்குடைபடுவதைப் பார்க்க ஆசைப்பட்டவன்தான், அதற்காக இப்படியா?

மறுநாள் காலை அக்காவிடமே சண்டைக்குப் போனேன். சமையலறையில் உட்கார்ந்து பேரீச்சையில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியாதா அக்கா? ரமலான் வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்," என்றாள், தலையைத் தூக்காமல். "முப்பத்தாறு வருஷமா காலைல ஏழுலருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் இந்த வீடு எனக்கு மட்டும்தான்டா. ரேடியோவ நான் நெனச்ச சத்தத்துல வெப்பேன். பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க வருவாங்க, சிரிப்போம். இந்தப் பத்தொம்பது நாளா அந்த மனுசன் எனக்கு வெங்காயம் அரியச் சொல்லித் தர்றாரு. மேல ஒக்காந்து சரக்கு எறக்குறவரு, வெங்காயம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு முழங்காலைப் பற்றிக் கேட்டேன். முழங்காலுக்கு என்ன, தன்னிடம் வலி என்று ஒருநாளும் சொன்னதில்லையே என்றாள். பொய் இல்லை, எங்களிடம் முனகுவாரே தவிர, அவளிடம் சொல்லவே மாட்டார்.

இருபத்தோராம் நாள் எரிவாயு தீர்ந்தது. உருளையை மேலே தூக்கி வைக்கும் ஆளுக்கு இரண்டு தினார் கொடுக்கவேண்டும், பணப்பையிலோ ஒன்றுமில்லை. உருளைக்கே நான்தான் பணம் கொடுத்தேன், அதையும் கடன் என்று பத்து தடவை சொல்லிவிட்டுத்தான் வாங்கினார். தூக்க வந்தவனை முறைத்து நிறுத்திவிட்டுத் தானே தோளில் ஏற்றினார். முதல் மாடியில் நின்றார். இரண்டாவதில் உருளையை இறக்கி அதன்மேலேயே உட்கார்ந்தார். மூன்றாவதில் சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலை இரண்டு கையாலும் தூக்கி அடுத்த படியில் வைத்தார். கீழிருந்து நான் அண்ணாந்து பார்த்தேன். நாலாவது மாடிக் கைப்பிடிக்கு மேல் அக்காவின் முகம். கூப்பிடவில்லை, இறங்கவும் இல்லை. அவர் வந்து சேருவதற்குள் உள்ளே போய்விட்டாள், தான் பார்த்தது அவருக்குத் தெரியக்கூடாது என்று.

அன்று மாலை என்னையும் சாப்பிடக் கூப்பிட்டாள். கஞ்சி ஆறுவதற்குள் சொல்லிவிட்டாள்.

"நீங்க போட்ட கணக்கு தப்பு. ரமலான வெச்சு வருஷத்த அளக்க முடியாது. மத்த மாசமெல்லாம் நான் ஆயிரத்து நூறுலதான் வீட்ட ஓட்டுறேன். மொதல் நாளே எனக்குத் தெரியும். வேணும்னுதான் சொல்லல."

மச்சான் கரண்டியைக் கீழே வைத்தார். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"தப்பான மாசம்னு. நாலாம் நாளே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் நிறுத்தல?"

"நீ சொல்றியான்னு பாத்தேன்."

அக்கா தன் தட்டிலிருந்த பிரிக்கை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். பதினேழு நாள் ஒரு மனிதர் அந்த ஒரு வார்த்தைக்காகச் சந்தைக்கும் வீட்டுக்கும் நடந்து, பணப்பை காலியான பிறகும் காத்திருந்திருக்கிறார். நான் கிண்ணத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணைத் துடைத்தால் இரண்டு பேரும் பார்த்துவிடுவார்கள்.

ஆனாலும் அவள் ஸ்ஃபாக்ஸ் பெண். தேநீர் வருவதற்குள் பேரம் தொடங்கிவிட்டது. தினமும் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை வீட்டில் இருக்கக்கூடாது. வெங்காயத்தைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. மச்சான் இரண்டுக்கும் ஒத்துக்கொண்டார். பெருநாள் முடிந்து துறைமுகத்துக்குப் போய் ஓய்வுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார், திரும்பும்போது சாவகாசமாக நடந்தார்.

அடுத்த திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு, ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் கடைக்குள் வந்து உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து அங்கேதான் இருக்கிறார். ஒரு மாதம் சந்தையில் அடிபட்ட மனிதருக்கு இப்போது இந்த வட்டாரத்தில் எந்தக் கடையில் எது என்ன விலை என்பது தலைகீழ்ப் பாடம். பாலாடைக்கட்டி கேட்டு வரும் பெண்ணிடம், மூலைக் கடையில் இருநூறு மில்லிம் குறைவு என்கிறார். இரண்டு டஜன் முட்டை கேட்ட கிழவரிடம், வீட்டில் எத்தனை பேர் என்று விசாரிக்கிறார். அவர்கள் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போகிறார்கள். மேலே நாலாவது மாடியில் ரேடியோ ஊரைக் கூட்டுகிறது. மச்சானின் ஓய்வு இருவருக்கும் கட்டுப்படியாகுமா என்று அந்த வீட்டில் ஒரு மாதம் முழுக்க ஒத்திகை பார்த்தார்கள். எனக்குக் கட்டுப்படியாகுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.