எதிரி கைக்குப் போகாத டிராக்டர்

பட்டாளத்தில் காத்தான் கற்றுக்கொண்டு வந்தவை இரண்டு. லாரி ஓட்டுவது ஒன்று, ஓட்டிய லாரியை ஒழித்துக்கட்டுவது இன்னொன்று. சீனச் சண்டையில் மலையிலிருந்து பின்வாங்கியபோது, கொண்டுவர முடியாத வண்டி எதிரிக்கு உதவக்கூடாது என்று உத்தரவு. எண்ணெயை வடித்துவிட்டு என்ஜினை முழு வேகத்தில் ஓடவிட்டால், கொஞ்ச நேரத்தில் உள்ளே எல்லாம் இறுகிச் செத்துப்போகும். காத்தான் தன் லாரியை அப்படித்தான் கொன்றான். பிறகு நடந்த விசாரணையில் அவனுடைய சுபேதார் எழுந்து நின்று, "நான்தான் சொன்னேன்" என்றார். சொன்னவர் பொறுப்பு, செய்தவன்மேல் குற்றமில்லை. உலகம் முழுக்க இதுதான் வழக்கம் என்று நம்பிக்கொண்டு ஊர் திரும்பினான் மனிதன்.

ஊரில் பண்ணையார் சாமிதுரை டிராக்டர் வாங்கியிருந்தார். ஓட்டத் தெரிந்தவன் காத்தான் ஒருவன்தான். அவன் குடிசை இருந்த மனையும் பண்ணையாருடையது என்பதால், மாட்டேன் என்று சொல்லும் வசதி அவனுக்கு இல்லை. ஏர் ஓட்டிப் பிழைத்த தெரு அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தியது. மச்சான் ஐயாவு கூலியாட்களின் சங்கத்தில் முன்னால் நிற்பவன். மனைவி அம்சம் அண்ணன் கட்சி. வீட்டில் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

அறுபத்தெட்டில் குறுவைக்குக் கூலி உயர்த்தச் சொல்லி வேலைநிறுத்தம். சென்னையில் ஆட்சி மாறி ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஊரில் கூலி நெல் அளக்கும் மரக்காலுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. ஆள் வராவிட்டால் டிராக்டர் உழும் என்றார் பண்ணையார். காத்தான் சேற்றில் இறக்கினான். நடு வயலில் சக்கரம் புதைந்து நின்ற நேரம், வாய்க்கால் கரையோடு சங்கத்து ஆட்கள் வருவது தெரிந்தது.

பண்ணையார் பாலத்தடியில் காரில் இருந்தார். "வண்டியக் கொண்டுபோயிக் கொடிக்கம்பத்துல கட்டப் போறானுங்களாம். அவனுங்க கையில சிக்கக் கூடாதுடா. பட்டாளத்துல என்ன பண்ணுவீங்களோ அதப் பண்ணிட்டு வா" என்று கத்திவிட்டுக் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஐயாவு வரப்பில் நின்று கூப்பிட்டான். "எறங்கி வா மாப்ள. வண்டிய ஒண்ணும் பண்ண மாட்டோம். கூலி பேசி முடிச்சதும் திருப்பிக் குடுத்துடுறோம்."

கொடுத்தால் திருட்டுக் கேஸ், குடிசையும் போகும். கொடுக்காவிட்டால் சொந்த ஜனம் ஜென்மத்துக்கும் மன்னிக்காது. நாலு வரப்பிலும் ஆட்கள், முன்வரிசையில் அம்சம். அவன் கை அதற்குத் தெரிந்த வேலையைச் செய்தது. என்ஜின் அலறி, திணறி, நின்றுபோனது.

சாயங்காலம் பண்ணையார் கொடுத்த புகாரில் போலீஸ் வந்து, டிராக்டரை உடைத்ததாக ஐயாவுவையும் இன்னும் சிலரையும் பிடித்துக்கொண்டு போனது. காத்தானைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். அவர்கள் உடைத்ததைப் பார்த்தேன் என்று சொன்னால் போதும், குடிசை தப்பிவிடும்.

ஸ்டேஷனில் அவன், "நான்தாங்க ஒடச்சேன். ஐயா உத்தரவு போட்டாங்க" என்றான். சொல்லிவிட்டு, நாற்காலியில் இருந்த பண்ணையார் எழுந்து நிற்பார் என்று காத்திருந்தான்.

"என் வண்டிய நானே ஒடைக்கச் சொல்லுவேனா?" என்றார் பண்ணையார். இன்ஸ்பெக்டர் சிரித்தார். சங்கத்தார் தூண்டி அவன் உடைத்தான் என்று கேஸ் மாறியது. ஒருவரையும் விடவில்லை, காத்தானையும் சேர்த்து உள்ளே தள்ளினார்கள்.

மறுநாள் குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். அம்சம் சோற்றுத் தூக்கோடு லாக்கப்புக்கு வந்தாள். குடிசையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எதிரி கைக்குப் போவக் கூடாதுன்னுதானே மாமா ஒடச்ச?"

"ஆமா."

"அன்னிக்கு ஒனக்கு எதுத்தாப்புல நின்னவ நானு. எதிரின்னு யார நெனச்ச?"

காத்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டான். உன்னைத்தான் என்று எப்படிச் சொல்வான்? இல்லை என்றால், பிறகு எதற்காக உடைத்தான்? அவள் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள்.