பதினேழாம் எண் வீட்டு முயல்கள்

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன், காலை ஒன்பது பத்துக்கு, பக்கத்து வீட்டு கேட் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருடமாகக் கொக்கியை நானே எடுத்துவிட்டு உள்ளே போன கேட். அன்று மட்டும் மணி அடிப்பதா, கூப்பிடுவதா, திரும்பிப் போய்விடுவதா என்று தெரியவில்லை.

காரணம், அந்த வீட்டுக்காரரைப் பற்றி நான் எழுதிய ஒரு கடிதம். இரண்டு பக்கம். இணைப்பாக ஓர் அட்டவணை.

கடிதத்துக்குக் காரணம், முயல்.

நம் நாட்டில் காட்டு முயல் ஏது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் பெரிய கால்வாய், அதைத் தாண்டினால் புதர், புதருக்கு அப்பால் செம்பனைத் தோட்டம். அங்கே பாம்பு உண்டு, உடும்பு உண்டு. முயல் எப்படி வந்தது? பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கி, அலுத்துப்போய், ஒரு நாள் கூண்டுக் கதவு 'தானாகத் திறந்துகொண்ட' வீட்டு முயல்கள்தான். இரண்டு தலைமுறை தாண்டினால் அவற்றுக்கும் காட்டு முயல் என்று பெயர் வந்துவிடுகிறது.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் பதினான்கு அடிக்கு ஆறு அடியில் ஒரு காய்கறிப் பாத்தி வைத்திருக்கிறேன். பயத்தங்காய் இரண்டு வரிசை, வெண்டை ஒன்பது செடி, மீதியெல்லாம் கீரை. நான்கு மாதத்துக்கு முன் ஒரு காலை, கீரையில் மூன்றில் ஒரு பங்கு தரைமட்டமாகியிருந்தது. கத்தியால் அறுத்த மாதிரிச் சாய்வான வெட்டு. பக்கத்தில் உருண்டை உருண்டையாகப் புழுக்கை.

மறுநாள் விடியற்காலையில் ஆளையே பார்த்துவிட்டேன். பழுப்பும் வெள்ளையும் கலந்தது, இடது காது கொஞ்சம் கிழிந்திருந்தது. ஓடவில்லை. பாதி பூர்த்தி செய்த விண்ணப்பப் பாரத்தைப் பார்க்கும் குமாஸ்தா மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெண்டைச் செடிப் பக்கம் திரும்பிக்கொண்டது.

இந்தப் பத்திரிகைப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் டைரி தெரியும். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் அடுத்தவர் தயாரித்த கோப்புகளில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. முயலுக்கென்று டைரியின் பின்பக்கத்தில் தனியாகக் கோடு போட்டேன். தேதி, கிழமை, மழை உண்டா, தின்றது என்ன, எத்தனை செடி...

தடுப்பு வேலைகளையும் வரிசையாகச் செய்தேன். மிளகாய்த் தூள் — மழையில் போனது. பழைய சிடிகளைக் கட்டித் தொங்கவிட்டேன் — முயல் அதில் முகம் பார்த்திருக்கலாம். பிறகு கோழிக் கம்பி வலை. தரைக்கு மேல் மூன்றடி, மண்ணுக்குள் அரை அடி, சின்னதாக ஒரு கதவு. அதன் பிறகும் முயல் வந்தது. வலைக்கு அடியில் குழி பறித்து வந்தது. அரை அடிக்குக் கீழேயும் உலகம் உண்டு என்று அதற்குத் தெரிந்திருந்தது.

பதினான்கு வாரம் எழுதிய பிறகு டைரியைப் புரட்டினால், ஓர் உண்மை பளிச்சென்று தெரிந்தது. மற்ற நாட்களில் சேதம் இல்லை, அல்லது மிகக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் பாத்தி பாழ். அதாவது, சனிக்கிழமை இரவில்தான் முயல் வருகிறது.

முயலுக்குக் கிழமை தெரியுமா? தெரியாது. அப்படியானால் கிழமை தெரிந்த யாரோ அதை அவிழ்த்துவிட வேண்டும். பாருங்கள், எவ்வளவு ஒழுங்கான சிந்தனை!

பக்கத்து வீடு பதினேழாம் எண். தன்ராஜ் அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இறந்தபின் தனியாக இருக்கிறார். எங்கள் வீட்டு மாற்றுச் சாவி அவரிடம்தான். என் மனைவி விமலா குளியலறையில் வழுக்கி விழுந்தபோது, நான் ரயிலில் இருந்தேன். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்.

அவர் மகள் முன்பு இரண்டு முயல் வளர்த்தாள். அவள் கல்யாணமாகி ஜெஞ்சாரோம் போனபோது முயல்களையும் கொண்டுபோய்விட்டாள் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். அதற்கு அத்தாட்சி ஏதும் இருக்கிறதா? இன்னொன்றும் என் டைரியில் இருந்தது. சனிக்கிழமை இரவுகளில் மட்டும் பதினேழாம் எண் வீட்டுப் பின்விளக்கு எரிவதில்லை. பதினான்குக்குப் பதினான்கு.

குடியிருப்பாளர் சங்கச் செயலாளருக்கு எழுதினேன். அண்ணன் பெயரை எங்கும் எழுதவில்லை. எனக்கும் நாகரிகம் உண்டல்லவா? 'சனிக்கிழமைதோறும் பதினேழாம் எண் வீட்டின் பின்புறத்தில் முயல்கள் கூடுகின்றன. இது வீட்டுக்காரருக்குத் தெரிந்து, அவருடைய அனுமதியோடுதான் நடக்கிறது என்று கருத இடமுள்ளது' என்று மட்டும் எழுதினேன். அட்டவணையை இணைத்தேன். ஒரு திங்கட்கிழமை காலை, கொமூட்டர் ரயில் பிடிக்கப் போகும் வழியில், செயலாளர் வீட்டுத் தபால் பெட்டியில் போட்டேன்.

அத்தோடு நிற்கவில்லை. முயல் பற்றி முன்பு இங்கே ஒரு வரி எழுதியதும் ஆளாளுக்கு யோசனை அனுப்பினீர்களே... அதில் பூச்சோங் வாசகி ஒருவர், முயலுக்கு மனித வாடை ஆகாது, முடியைத் தூவிப் பாருங்கள் என்றிருந்தார். வியாழக்கிழமை மதியம் பிரிக்பீல்ட்ஸில் நான் வழக்கமாகப் போகும் முடிதிருத்தும் கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி தஞ்சாவூர்ப் பக்கம், வேலை பெர்மிட்டில் வந்தவர்.

"தம்பி, கூட்டி வச்ச முடி இருந்தா ஒரு பை நிறைய வேணும்."

துடைப்பம் நின்றது. "எதுக்குண்ணே?"

"வீட்டுக்குப் பின்னால போடறதுக்கு."

அவர் நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார். நாற்காலியில் இருந்தவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. அந்த மாதிரி வேலைக்கெல்லாம் நாங்க முடி தர்றதில்ல."

"எந்த மாதிரி வேலை?"

"போன வருஷம் ஒருத்தர் வந்து, இன்ன ஆளு முடிதான் வேணும்னு கேட்டாரு. முடியாதுன்னுட்டோம்."

"எனக்கு யாரோடதா இருந்தாலும் பரவால்ல."

"அது இன்னும் மோசம்ணே."

முயல் கடித்த கீரையின் புகைப்படங்களைத் தேதிவாரியாகக் காட்டிய பிறகுதான் நம்பினார். அப்போதும் நாற்காலியில் இருந்தவர், "என் முடிய மட்டும் அதுல சேக்காதீங்க பாஸ்" என்று சொல்லிவிட்டார். கொமூட்டரில் கிள்ளான் வரைக்கும் பையை மடியில் வைத்திருந்தேன். வாய் கட்டாத பை. பக்கத்து இருக்கை கடைசி வரை காலியாகவே வந்தது.

சனிக்கிழமை காலை ஏழிலிருந்து எட்டரை வரை நான் காய்கறி, மீன் வாங்கப் பாசாருக்குப் போவது வழக்கம். அந்தச் சனிக்கிழமை மட்டும் போகவில்லை. முடி தூவும் வேலை இருந்தது. பாதிக் கீரை வரை தூவியிருப்பேன், பின்கதவு திறந்தது. கையில் எவர்சில்வர் தட்டோடு விமலா.

"என்னங்க அது, முடியா? அங்கே போடாதீங்க."

"ஏன்?"

"சாமி பூ போடற இடம்."

தட்டில் பார்த்தேன். முதல் நாள் பிள்ளையாருக்குச் சாத்திய அருகம்புல் மாலை. தடியாக, பச்சைப் பசேலென்று, நடுநடுவே சாமந்தியோடு. பூஜையில் இருந்து எடுத்ததைக் குப்பைத் தொட்டியில் போடுவது எங்கள் வீட்டில் கிடையாது. கால்படாத இடமாகப் பார்த்துச் செடி மரத்தடியில் போட வேண்டும். வீட்டிலேயே கால்படாத இடம் என் பாத்திதான்; வலை போட்ட பிறகு இன்னும் பத்திரம்.

"இதை எப்போல்லாம் இங்கே போடுவே?"

"சனிக்கிழமை காலையில. வெள்ளிக்கிழமை சாத்துனதை வேற எப்போ எடுப்பாங்க?"

"எத்தனை நாளா?"

"முன்னாடியெல்லாம் வாசல் வேப்பமரத்தடியில போட்டேன். நிறுத்தி வச்ச காடி மேல இலை விழுதுன்னு நீங்கதான் எழுதிப் போட்டு மரத்தை வெட்ட வச்சீங்க. அப்பலேர்ந்து இங்கே, கீரைக்கு அடியிலதான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க முயலைப் பத்தித்தானே கேட்டீங்க."

வேப்பமரம் வெட்டப்பட்ட தேதி டைரியில் இருந்தது. முயல் முதலில் வந்த தேதிக்கு ஒன்பது நாள் முந்தியது. அரை அடி ஆழத்துக்கு வலை புதைத்து, கதவு வைத்து, உள்ளே வாராவாரம் இளம்புல் விருந்தும் வைத்திருக்கிறோம். மழைநாள் வரை குறித்து வைத்தவன், என் வீட்டுப் பின்கதவு திறப்பதைக் குறிக்கவில்லை.

ஆனால் கடிதம்?

செயலாளருக்குப் போன் செய்தேன். "ஓ, அதுவா... பதில் கேட்டு வியாழக்கிழமையே பதினேழுக்குக் கொடுத்தாச்சு" என்றார். எங்கள் சங்கத்தில் எந்தக் கடிதமும் மூன்று மாதத்துக்குள் நகர்ந்ததாக எனக்கு நினைவில்லை. இது மூன்று நாளில் போயிருக்கிறது. அட்டவணை அவ்வளவு தெளிவு.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பத்துக்கு அந்த கேட் முன்னால் நின்றேன். இனி அது எனக்குத் திறக்குமா என்பதுதான் கேள்வி. மணியை அழுத்தினேன்.

தன்ராஜ் அண்ணன் வெளியே வந்தார். முழங்கை வரை சிமெண்ட்.

"என்ன தம்பி புதுசா பெல் அடிக்கிற? உள்ள வா."

சாப்பாட்டு மேசை மேல் என் கடிதம். அட்டவணைப் பக்கம் மேலே இருந்தது. ஓரத்தில் பென்சிலால் அங்கங்கே டிக் போட்டிருந்தார்.

"படிச்சீங்களா அண்ணே?"

"ரெண்டு தடவ. நல்லா எழுதியிருக்கே லா."

"ஏன்ணே என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"நீ என்கிட்ட கேட்டியா?"

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மொதல்ல சுருக்குன்னுதான் இருந்துச்சு" என்றார். "அப்புறம் யோசிச்சேன். இவன் சும்மா எழுதற ஆள் இல்ல. பதினாலு வாரம் பாத்து எழுதியிருக்கான். நான் சனிக்கிழமை ராத்திரி வீட்டுலயே இருக்கறதில்ல, ஜெஞ்சாரோம்ல மக வீட்டுலதான் தங்கறேன். இல்லாதவனுக்கு என்ன தெரியும்? நான் இல்லாத நேரத்துல என் வீட்டு வழியாத்தான் வருதோ என்னமோ..."

பின்பக்கம் கூட்டிப் போனார். சுவர் ஓரத்தில் இருந்த ஓட்டைகளையெல்லாம் அடைத்திருந்தார். சாக்கடைக் குழாய் வாயில் புதுக் கம்பி வலை. ஈர சிமெண்டில் விரல் தடம். வியாழக்கிழமையிலிருந்து இதே வேலையாம்.

"மககிட்டயும் கேட்டேன். அந்த ரெண்டு முயலையும் நெசமாவே கொண்டு போனியா, இல்ல இங்கயே விட்டுட்டுப் போனியான்னு. என்னை நம்பலயாப்பான்னு போனை வச்சுட்டா. அதான் நேத்து அங்கே போகல."

நான் எழுதியதை நான் நம்பியது ஒரு பக்கம். அவர் தன்னையும் மகளையும் விட அதை நம்பியிருக்கிறார். அவ்வளவு ஒழுங்காக எழுதியிருந்தேன்.

அருகம்புல் மாலையைச் சொன்னேன். வேப்பமரத்தைச் சொன்னேன். ஒன்பது நாள் கணக்கையும் சொன்னேன். அவர் கையில் ஒட்டிய சிமெண்டைத் தேய்த்து உதிர்த்தார்.

"பிள்ளையார் மாலையா?"

"ஆமாண்ணே."

"அப்போ முயல் மேல தப்பில்ல தம்பி. பிரசாதம் வாங்க வந்திருக்கு. தொட்டுக்கக் கொஞ்சம் காய் எடுத்துக்கிச்சு."

அவர் சிரித்த பிறகும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய போனை வாங்கி ஜெஞ்சாரோமுக்கு நானே பேசினேன். தப்பு உன் அப்பா மேல் இல்லையம்மா, என் மேல்தான் என்றேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அங்கிள், அப்பாவ அடுத்த சனிக்கிழமை சீக்கிரமா வரச் சொல்லுங்க" என்றாள். அந்த வாக்கியத்தை நான் டைரியில் முழுசாக எழுதி வைத்திருக்கிறேன்.

கிளம்பும்போது அண்ணனே வழி சொன்னார். "மாலையை இனிமே விமலாவ என் ரம்புத்தான் மரத்தடியில போடச் சொல்லு. எனக்குச் செடி கொடி கிடையாது. அதுங்க வந்தா வரட்டும், தின்னா தின்னட்டும்." சிமெண்ட் முழுசாகக் காயும் முன், சுவரில் ஓர் ஓட்டையை மட்டும் மறுபடி திறந்துவிட்டார். கால்வாய்ப் பக்கத்து ஓட்டை.

இப்போது மூன்று வாரமாக என் கீரை தழைத்து நிற்கிறது. சனிக்கிழமைதோறும் முயல்கள் பதினேழாம் எண் வீட்டின் பின்புறத்தில் கூடுகின்றன. வீட்டுக்காரருக்குத் தெரிந்து, அவருடைய அனுமதியோடுதான் நடக்கிறது.

கடிதத்தை அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளே வாபஸ் வாங்கிவிட்டேன். அதற்குப் பிறகுதான் அது ஒரு வரி விடாமல் உண்மையானது.